யூனிவர்சிட்டிக்கு லேப்டாப் எத்தனை இன்ச் வாங்கணும், மானிட்டர் எப்போ வாங்கணும்: வரிசையா ஒரு வழிகாட்டி

புதுசா யூனிவர்சிட்டி சேரப் போறவங்களுக்காக இதை எழுதுறேன். 14 இன்ச்சா, 15.6ஆ, 16ஆ, தனியா மானிட்டர் தேவையா இல்லையான்னு தேட ஆரம்பிச்சா பிராசசர் பத்தி பக்கம் பக்கமா வரும், ஆனா இந்த லேப்டாப்புல இருக்குற டைப் சி போர்ட் மானிட்டருக்கு படம் அனுப்புமா அனுப்பாதான்னு ஒரு வரி உருப்படியா கிடைக்காது, கடையில கேட்டா "அதெல்லாம் வரும்"ங்கிறது தான் பதில். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மாடலோட மேனுவலையும் நான் உக்காந்து படிக்க வேண்டியதாப் போச்சு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். தோள்ல தூக்கிட்டு அலையுறது ஒரு வேலை, ரூம்ல மணிக்கணக்கா உக்காந்து பார்க்குறது வேற வேலை. ரெண்டையும் ஒரே பெரிய லேப்டாப்ப வச்சு முடிச்சிடலாம்னு போனா பகல்ல தோள் வலி, ராத்திரி கழுத்து வலி, அவ்வளவு தான். பெரும்பாலானவங்களுக்கு 14 இன்ச் லேப்டாப் ஒன்னு, அப்புறம் ரூமுக்குப் போய் மேசையை அளந்துட்டு 24 இல்லைனா 27 இன்ச் மானிட்டர் ஒன்னு, இது தான் சரியா வரும். யாருக்கு இது பொருந்தாதுன்னு கீழ சொல்லியிருக்கேன். வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

1. டிபார்ட்மென்ட் என்ன கேக்குதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

நிறைய டிபார்ட்மென்ட்ல லேப்டாப்புக்கு குறைந்தபட்சம் என்ன வேணும்னு ஒரு லிஸ்ட் வச்சிருப்பாங்க, அட்மிஷன் பேப்பரோட வரலைனா ஆஃபீசுக்கு மெயில் போட்டு கேளுங்க, பதிலை எடுத்து வச்சுக்கோங்க. போன்ல வாய்வார்த்தையா கேட்டா நாளைக்கு அதுக்கு ஆதாரம் இல்ல.

இதை ஏன் முதல் படியா வைக்கிறேன்னா, சைஸை முடிவு பண்றதே சில சமயம் சாஃப்ட்வேர் தான். சாலிட்வொர்க்ஸ் (மெஷின் டிசைன்), ரெவிட் (கட்டட டிசைன்), ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ (மேப்) மாதிரி சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும் தான் ஓடும், மேக்ல நேரடியா போட முடியாது. 3டி ரெண்டரிங், வீடியோ எடிட்டிங் எல்லாம் தினமும் பண்ணணும்னா தனி கிராபிக்ஸ் கார்டு வேணும், அது வந்தாலே சூடு வெளியேற இடம் வேணும், பெரும்பாலும் 15, 16 இன்ச் தடிமனான பாடிக்குப் போக வேண்டியிருக்கும். ஆனா டிபார்ட்மென்ட் லேப்லயே அந்த சிஸ்டம் எல்லாம் இருக்கா, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், வெளியில இருந்து ரிமோட்ல உள்ள போக முடியுமான்னு கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. லேப் நல்லா இருந்தா நீங்க அந்த வெயிட்டை சுமக்க வேண்டியதே இல்ல.

எக்ஸாம் சொந்த லேப்டாப்ல எழுதணுமான்னும் கேளுங்க. எழுதணும்னா அந்த எக்ஸாம் சாஃப்ட்வேர் எந்தெந்த சிஸ்டத்துல ஓடும்னு பார்க்கணும், குறிப்பா ஆர்ம் சிப் (இன்டெல், ஏஎம்டி இல்லாத வேற வகை பிராசசர்) போட்ட விண்டோஸ் லேப்டாப் எடுக்குற எண்ணம் இருந்தா இதைக் கேக்காம எடுக்காதீங்க. பேட்டரி ரொம்ப நல்லா நிக்கும், அது உண்மை, ஆனா டிரைவர் தேவைப்படுற சில பழைய சாஃப்ட்வேரும் லேப் கருவிகளும் அதுல வேலை செய்யாது.

2. ஒரு நாள் முழுக்க எங்க எங்க உக்காருவீங்கன்னு பாருங்க

இதை யாருமே செய்யறதில்ல, ஆனா சைஸுக்கு பதில் இங்க தான் இருக்கு. உங்க டிபார்ட்மென்ட்ல ஏற்கனவே படிக்கிற அண்ணன் அக்கா யாரையாவது பிடிச்சு மூணு கேள்வி கேளுங்க: வாரத்துல எத்தனை நாள் லேப்டாப் எடுத்துட்டுப் போறீங்க, கிளாஸ்ல ப்ளக் பாயிண்ட் இருக்கா, உக்காருற சீட்ல எழுதுற பலகை எவ்ளோ அகலம்.

மூணாவது கேள்வி சின்ன விஷயமா தெரியும். பல லெக்சர் ஹால்ல சேர் கைப்பிடியில இருந்து மடக்கி இழுக்குற சின்னப் பலகை தான் இருக்கும், அது ஒரு நோட்டு விரிச்சு வைக்கிற அளவு தான். 15.6 இன்ச் லேப்டாப் பாடி மட்டுமே ஏறக்குறைய 36 செ.மீ. அகலம், 14 இன்ச் 31, 32 செ.மீ. கிட்ட வரும். அந்த நாலு செ.மீ.ல தான் லேப்டாப் ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்குமா இல்ல பலகைக்குள்ள அடங்குமாங்கிறது இருக்கு. நீட்டிக்கிட்டு இருந்தா பக்கத்து சீட்காரங்க எழுந்து போகும்போதெல்லாம் நீங்க அதைக் கையில தூக்கிப் பிடிக்கணும்.

வெயிட் விஷயத்துல லேப்டாப் வெயிட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, சார்ஜரையும் சேர்த்துக் கணக்கு போடுங்க. சாதாரண 14 இன்ச் 1.2ல இருந்து 1.5 கிலோ, 15.6 இன்ச் 1.6ல இருந்து 2 கிலோ, கேமிங் டைப் 16 இன்ச் 2.3 கிலோவுக்கு மேல, அதோட சார்ஜர் செங்கல் அரை கிலோவைத் தாண்டும். வாங்குறதுக்கு முன்னாடி அதே வெயிட்டுக்கு புக்கு அடுக்கி பையில போட்டு, தண்ணி பாட்டிலும் வச்சு, அரை மணி நேரம் நடந்து பாருங்க. கடையில ஒரு நிமிஷம் தூக்கிப் பார்க்கும்போது எல்லா லேப்டாப்பும் லைட்டா தான் தெரியும்.

3. இன்ச் நம்பரோட ஸ்க்ரீனோட உயரத்தையும் பாருங்க

இன்ச்ங்கிறது மூலைக்கு மூலை அளவு. அது ஸ்க்ரீன் எவ்ளோ உயரம்னு சொல்லாது, ஆனா நீங்க பாடப் புத்தக பிடிஎஃப் படிக்கிறதும், அசைன்மென்ட் டைப் பண்றதும், கோடு எழுதுறதும் எல்லாமே மேல இருந்து கீழ போற வேலை, அதுக்கு உயரம் தான் வேணும்.

கணக்கு போட்டுப் பார்த்தா, 16:9 (அகலம்:உயரம்) விகிதத்துல இருக்குற 15.6 இன்ச் ஸ்க்ரீன் உயரம் 19.4 செ.மீ. 16:10 விகிதத்துல இருக்குற 14 இன்ச் ஸ்க்ரீன் உயரம் 18.8 செ.மீ. வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர் தான். அந்த ஆறு மில்லிமீட்டருக்காக அரை கிலோ எக்ஸ்ட்ரா சுமக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அதனால ஸ்பெக்ல 1920 x 1080 போட்டிருந்தா 16:9, 1920 x 1200 போட்டிருந்தா 16:10, ரெண்டாவதைத் தேடுங்க.

சைஸ் வாரியா என் அபிப்பிராயம்:

13 இன்ச்: தினமும் பஸ், ட்ரெயின்னு ரொம்ப தூரம் போய் வர்றவங்களுக்கும், எழுத்து வேலை மட்டும் இருக்குறவங்களுக்கும் நல்லது. ரூம்ல கண்டிப்பா மானிட்டர் வேணும்.

14 இன்ச்: சந்தேகமா இருந்தா இதை எடுங்க.

15.6 இல்ல 16 இன்ச்: ரூம்ல மானிட்டர் வைக்க இடமே இல்ல, இல்லைனா கனமான சாஃப்ட்வேர் தினமும் வேணும், இப்படிப்பட்டவங்களுக்குத் தான். அக்கவுண்ட்ஸ் படிக்கிறவங்க நம்பர்பேட் இருக்குன்னு இதை எடுப்பாங்க, ஆனா நம்பர்பேட் வந்தா கீபோர்டும் டச்பேடும் இடது பக்கம் தள்ளிப் போயிடும், உடம்பைக் கொஞ்சம் சாய்ச்சு உக்காந்து டைப் பண்ற மாதிரி ஆகும், பழகாதவங்களுக்கு அது ரொம்ப தொந்தரவு. தனியா ஒரு சின்ன நம்பர்பேட் யூஎஸ்பில மாட்டிக்கலாம்.

17 இன்ச்: தினமும் எடுத்துட்டுப் போறதுக்கு வேணாம்.

ஸ்க்ரீன் தரத்துல ஒரு பொறி இருக்கு. விலை குறைஞ்ச லேப்டாப் ஸ்பெக்ல "45% என்டிஎஸ்சி" (எவ்ளோ கலர் காட்டும்ங்கிற அளவு), "250 நிட்ஸ்" (ஸ்க்ரீன் வெளிச்ச அளவு)னு போட்டிருப்பாங்க. கலர் வெளுத்துப் போய் தெரியும், ஜன்னல் பக்கம் உக்காந்தா உங்க முகம் தான் ஸ்க்ரீன்ல தெரியும். டிசைன், ஆர்க்கிடெக்சர், மீடியா படிக்கிறவங்க "100% எஸ்ஆர்ஜிபி"ன்னு (இதுவும் கலர் அளவு தான்) தெளிவா போட்டதைத் தான் எடுக்கணும். மத்தவங்களுக்கு ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டுல இருந்து பார்த்தாலும் கலர் அவ்வளவா மாறாத ஸ்க்ரீன் வகை), 300 நிட்ஸ் போதும், வெளியில மரத்தடியில உக்காந்து படிக்கிற பழக்கம் இருந்தா 400 பாருங்க. 14 இன்ச்ல 2.8கே, 3கே ரெசல்யூஷன் எல்லாம் பார்க்க அழகா இருக்கும், ஆனா பேட்டரியை அதிகமா இழுக்கும், படிக்கிறதுக்கு 1920 x 1200 தாராளம்.

4. போர்ட்: பணம் போறது இங்க தான்

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. லேப்டாப்பும் நல்லது, மானிட்டரும் நல்லது, நடுவுல இருக்குற ஓட்டையும் ஒயரும் ஒத்து வரலைனா ரெண்டும் சேர்ந்து வேலை செய்யாது.

டைப் சி ஓட்டை எல்லாம் வெளியில பார்க்க ஒரே மாதிரி தான் இருக்கும். உள்ள மூணு விதமான வேலை இருக்கு: டேட்டா, சார்ஜ், படம். சில லேப்டாப்ல டைப் சி டேட்டா மட்டும் தான், அதுல மானிட்டர் மாட்டினா ஒன்னுமே வராது. சிலதுல ரெண்டு டைப் சி இருக்கும், அதுல ஒன்னு மட்டும் படம் அனுப்பும். ஸ்பெக் ஷீட்ல தேட வேண்டிய வார்த்தைங்க "டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்" (படம் அனுப்பும்), "பவர் டெலிவரி" (சார்ஜ் ஏறும்). தண்டர்போல்ட் 3, தண்டர்போல்ட் 4, யூஎஸ்பி 4 (எல்லாமே வேகமான டைப் சி வகைங்க) இதுல ஏதாவது ஒன்னு போட்டிருந்தா படம் கண்டிப்பா வரும். போர்ட் பக்கத்துல மின்னல் குறி இருந்தா தண்டர்போல்ட், 'டி' எழுத்துக்குள்ள 'பி' போட்ட மாதிரி குறி இருந்தா டிஸ்ப்ளேபோர்ட். குறி இல்லாமலும் படம் அனுப்புற மாடல் இருக்கு, அதனால கம்பெனி வெப்சைட்ல இருக்குற மேனுவலை டவுன்லோட் பண்ணி, லேப்டாப்போட இடது வலது பக்கப் படம் போட்டு ஒவ்வொரு போர்ட்டும் என்னன்னு எழுதியிருக்குற பக்கத்தைப் பாருங்க. மாடல் நம்பர்ல கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போகணும், ஒரே பேர்ல பத்து வகை விக்கிறாங்க.

ஹெச்டிஎம்ஐ இருந்தா நிம்மதின்னு நினைப்போம், அதுலயும் வெர்ஷன் இருக்கு. ஹெச்டிஎம்ஐ 1.4ல 4கே (3840 x 2160) மானிட்டர் மாட்டினா 30 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 30 தடவை படம் மாறுறது) தான் கிடைக்கும், 2.0ல தான் 60. 30 ஹெர்ட்ஸ்னா எப்படி இருக்கும்னா, மவுஸை நகர்த்தும்போது அம்புக்குறி விட்டு விட்டு தாவும், பக்கத்தை ஸ்க்ரோல் பண்ணா எழுத்து இழுபட்டு வரும், கொஞ்ச நேரத்துலயே கண்ணு எரியும். விலை குறைஞ்ச டைப் சி ஹப்லயும் (ஒரு டைப் சி ஓட்டையை பல ஓட்டையா பிரிக்கிற சின்னப் பெட்டி) இதே கதை தான், டப்பா மேல பெருசா "4கே" போட்டிருப்பாங்க, பின்னாடி பொடி எழுத்துல "30 ஹெர்ட்ஸ்"னு இருக்கும். 1080பி (1920 x 1080) மானிட்டர் தான் வாங்கப் போறீங்கன்னா இந்தக் கவலை இல்ல, பழைய ஹெச்டிஎம்ஐலயே 60 வந்துடும்.

மேக் எடுக்குறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. மேக்புக் ஏர்ல எம்1, எம்2 சிப்புக்கு வெளி மானிட்டர் ஒன்னு தான் வேலை செய்யும். எம்3 ஏர்ல ரெண்டு வரும், ஆனா லேப்டாப் மூடியிருந்தா தான். எம்4 ஏர்ல திறந்து வச்சே ரெண்டு வரும். பழைய மாடல் தள்ளுபடியில வருதுன்னு எடுக்கும்போது இதை மறந்துடாதீங்க. இன்னொன்னு, ரெண்டு ஹெச்டிஎம்ஐ இருக்குற சாதாரண ஹப் விண்டோஸ்ல ரெண்டு மானிட்டர்லயும் வேற வேற படம் காட்டும், மேக்ல ரெண்டுலயும் ஒரே படம் தான் வரும். டிஸ்ப்ளேலிங்க் டைப் டாக் (சாஃப்ட்வேர் மூலமா படம் அனுப்புற பெரிய ஹப்) போட்டா சமாளிக்கலாம், அதுக்குத் தனி சாஃப்ட்வேர் போடணும், விலையும் அதிகம்.

ஒயர்: போனோட வந்த டைப் சி சார்ஜிங் ஒயர் மானிட்டருக்கு ஆகாது. பெரும்பாலும் அது சார்ஜும் மெதுவான டேட்டாவும் தான் கடத்தும், படம் கடத்தாது. நிறைய பேர் மானிட்டர் ரிப்பேர்னு நினைச்சு திருப்பி அனுப்புறது இந்த ஒயராலயே. மானிட்டர் டப்பாவுக்குள்ள வர்ற ஒயரை போடுங்க, அது வரலைனா படம் அனுப்பும்னு எழுதியிருக்குற ஒயரா பார்த்து வாங்குங்க.

5. மத்த ஸ்பெக்

ரேம் 16 ஜிபி. மெல்லிசான 14 இன்ச்ல பல மாடல்ல ரேமை போர்டோட சேர்த்து சால்டர் பண்ணிடுறாங்க, அப்புறம் ஏத்தவே முடியாது, அதனால வாங்கும்போதே 16 எடுங்க. எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். டைப் சில சார்ஜ் ஏறணும், ஏன்னா சார்ஜர் மறந்துட்டா பக்கத்துல இருக்குறவங்ககிட்ட வாங்கிப் போட்டுக்கலாம். ஹாஸ்டல்ல இருக்கப் போறீங்கன்னா லாக் ஒயர் மாட்டுற சின்ன ஓட்டை இருக்கான்னும் பாருங்க.

6. எப்போ வாங்கணும், என்னென்ன பேப்பர், எவ்ளோ ஒதுக்கணும்

கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு மூணு, நாலு வாரம் முன்னாடி லேப்டாப் கையில இருக்குற மாதிரி வாங்குங்க. ரொம்ப சீக்கிரம் வாங்கினா டிபார்ட்மென்ட் லிஸ்ட் வர்றதுக்குள்ள ரிட்டர்ன் தேதி முடிஞ்சிடும். கடைசி வாரத்துல வாங்கினா நல்ல மாடல் ஸ்டாக் இருக்காது, பழுதா வந்தா மாத்தவும் நேரம் இருக்காது. கல்வியாண்டு ஆரம்பிக்கிற சமயத்துல பல கம்பெனி மாணவர் சலுகை போடுவாங்க, அது என்ன தேதியில இருந்துன்னு பார்த்து வச்சுக்கோங்க.

மாணவர் சலுகைக்கு அட்மிஷன் லெட்டர், ஐடி கார்டு, யூனிவர்சிட்டி மெயில் ஐடி, இதுல ஏதாவது ஒன்னு கேப்பாங்க. பல இடத்துல மெயில் ஐடி சேர்ந்த பிறகு தான் கிடைக்கும், அதுக்காக உக்காந்து காத்திருக்காதீங்க, அட்மிஷன் லெட்டர் வச்சு வெரிஃபை பண்ண முடியுமான்னு முதல்ல கேளுங்க. பேர் முக்கியம்: லெட்டர்ல இனிஷியல் முன்னாடி, ஐடி கார்டுல பின்னாடின்னு மாறி இருந்தா வெரிஃபிகேஷன்ல நிறுத்தி வச்சிடுவாங்க, நம்ம பேர்ல இது அடிக்கடி நடக்கும், எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி எழுதுங்க.

பில் உங்க பேர்லயே, சீரியல் நம்பரோட இருக்கணும். எஜுகேஷன் லோன்ல லேப்டாப் செலவை சேர்க்க முடியுமான்னு பேங்க்ல கேட்டுட்டு, முடியும்னா வாங்குறதுக்கு முன்னாடியே கொட்டேஷன் வேணுமான்னும் கேளுங்க, பில்லை மட்டும் அப்புறம் கொண்டு போய் காட்டினா சில இடத்துல ஏத்துக்க மாட்டாங்க. பில்லை ஸ்கேன் பண்ணி மெயில்ல போட்டு வைங்க, கடை பில் மை சில மாசத்துல மங்கிடும்.

வாரன்டில மூணு விஷயம் பாருங்க. வீட்டுக்கு வந்து சரி பண்ணுவாங்களா இல்ல நாம தூக்கிட்டுப் போகணுமா. கீழ விழுந்தது, தண்ணி கொட்டினது எல்லாம் சாதாரண வாரன்டில வராது, அதுக்குத் தனி ப்ளான், முதல் வருஷத்துக்காவது எடுக்குறது நல்லதுன்னு நான் நினைக்கிறேன். மூணாவது, வேற நாட்டுல படிக்கப் போறவங்க, இந்த வாரன்டி அங்க செல்லுமான்னு கம்பெனி வெப்சைட்ல மாடல் நம்பர் போட்டுப் பாருங்க, பல மாடல்ல வாங்கின நாட்டோட முடிஞ்சிடும். அங்க போய் வாங்கினா கீபோர்டும் மாறும், ஜெர்மனியில ஒய் எழுத்தும் இசட் எழுத்தும் இடம் மாறி இருக்கும், பிரான்ஸ்ல முதல் வரிசையே வேற. இங்க இருந்து எடுத்துட்டுப் போறவங்க லேப்டாப்பை கைப்பையில வைங்க. பேட்டரி 100 வாட் ஹவர் வரைக்கும் விமானத்துல தனி அனுமதி தேவையில்ல, லேப்டாப் பேட்டரி எல்லாம் பொதுவா அதுக்குள்ள தான். மானிட்டரை மட்டும் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க, ஸ்க்ரீன் உடையுறதுக்கு அதுவே போதும்.

பட்ஜெட்டை பிரிக்கும்போது மொத்தத்துல ஐஞ்சுல ஒரு பங்கை லேப்டாப்புக்குக் கொடுக்காம தனியா எடுத்து வைங்க. மானிட்டர், ஒயர், ஹப், கீபோர்டு, மவுஸ், பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாம் அதுல இருந்து வரணும். லேப்டாப்லயே மொத்த காசும் போயிட்டா அப்புறம் இரண்டாம் வருஷம் வரைக்கும் கழுத்தைக் குனிஞ்சு தான் படிக்கணும். ஆபீஸ் சாஃப்ட்வேரை கடையில பில்லோட சேர்த்து விக்கப் பார்ப்பாங்க, வாங்காதீங்க, மைக்ரோசாஃப்ட் 365ஐ நிறைய யூனிவர்சிட்டி தன்னோட மாணவர்களுக்கு இலவசமா தருது.

7. மானிட்டர்: ரூமுக்குப் போய் மேசையை அளந்த பிறகு

முதல் வாரம் லைப்ரரியில, லேப்ல இருக்குற மானிட்டர்ல உங்க லேப்டாப்பை மாட்டிப் பாருங்க, பல இடத்துல ஒயரோட வச்சிருப்பாங்க. எந்த சைஸ் உங்களுக்கு வசதின்னு காசு செலவில்லாம தெரிஞ்சிடும், உங்க போர்ட்டும் டெஸ்ட் ஆயிடும்.

அப்புறம் டேப் எடுத்து மேசையை அளங்க. 24 இன்ச் மானிட்டர் ஏறக்குறைய 54 செ.மீ. அகலம், 27 இன்ச் 61 செ.மீ. கிட்ட, 34 இன்ச் அல்ட்ராவைட் 80 செ.மீ.க்கு மேல. அகலத்தை விட ஆழம் தான் பிரச்சனை. கையை நீட்டினா விரல் நுனி ஸ்க்ரீனைத் தொடுற தூரம் வேணும், ஸ்டாண்டே 20 செ.மீ. இடம் பிடிக்கும், மேசை சுவரோட ஒட்டியிருந்தா அந்த அளவு ஸ்க்ரீன் முன்னாடி வந்துடும். மேசை ஆழம் 50 செ.மீ. தான்னா 24க்கு மேல போகாதீங்க, 60, 70 இருந்தா 27 தாராளமா வைக்கலாம். மேசைக்கு மேல ஷெல்ஃப் இருந்தா கீழ எவ்ளோ உயரம் இருக்குன்னும் அளங்க, ஹாஸ்டல் மேசையில இது தான் பெரும்பாலும் இடிக்கும்.

கிளாம்ப் போட்டு மாட்டுற ஆர்ம் வாங்கினா இடம் மிச்சம் ஆகும், ஆனா மானிட்டர் பின்னாடி வெசா துளை (ஆர்ம் மாட்டுற நாலு ஸ்க்ரூ ஓட்டை) இருக்கணும், 75 x 75 இல்ல 100 x 100 மில்லிமீட்டர். விலை குறைஞ்ச சில மானிட்டர்ல அந்தத் துளையே இருக்காது. ஹாஸ்டல் மேசைல கிளாம்ப் போட அனுமதி இருக்கான்னும் கேட்டுக்கோங்க, பலகையில தடம் விழுந்தா டெபாசிட்ல பிடிச்சிடுவாங்க.

8. மானிட்டர் சைஸும் ரெசல்யூஷனும் ஜோடி சேரணும்

ஒரு இன்ச்சுக்குள்ள எத்தனை பிக்சல் வருதுங்கிறது தான் எழுத்தோட தெளிவு. 24 இன்ச்ல 1080பின்னா இன்ச்சுக்கு 92 பிக்சல், நல்லா இருக்கும். அதே 1080பி 27 இன்ச்ல போனா 82 தான், எழுத்தோட ஓரம் பிசிறடிக்கும், படம் பார்க்க ஓகே, நாள் முழுக்க படிக்க வேணாம். 27 இன்ச்ல 2560 x 1440 (1440பி) எடுத்தா 109, விண்டோஸ்ல எழுத்து சைஸை மாத்தாம அப்படியே வச்சுப் படிக்கலாம், ரெண்டு விண்டோவைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒன்னுல பாடம் இன்னொன்னுல நோட்ஸ்னு போகும். 27 இன்ச் 4கேன்னா 163, எழுத்து அச்சுல அடிச்ச மாதிரி இருக்கும், ஆனா 150% ஸ்கேலிங் (எழுத்தையும் ஐகானையும் பெருசாக்குற செட்டிங்) வைக்கணும், போர்ட்டும் 60 ஹெர்ட்ஸ் குடுக்கணும். மேக் வச்சிருக்குறவங்களுக்கு 1440பில எழுத்து கொஞ்சம் மங்கலா தான் தெரியும், லேப்டாப் ஸ்க்ரீனோட ஒப்பிட்டா உடனே கண்ணுல படும், அவங்க 4கே பக்கம் போறது நல்லது.

அதனால பட்ஜெட் கம்மின்னா 24 இன்ச் 1080பி ஐபிஎஸ், கொஞ்சம் கூட இருந்தா 27 இன்ச் 1440பி ஐபிஎஸ். 27 இன்ச் 1080பி தான் தள்ளுபடியில அதிகமா வரும், அதைத் தொடாதீங்க.

ஹெர்ட்ஸ் பத்தி அலட்டிக்க வேணாம், படிக்கிறதுக்கு 60, 75 போதும். 144க்குக் குடுக்குற காசை உயரம் ஏத்தி இறக்குற ஸ்டாண்டுக்குக் குடுங்க. ஸ்க்ரீனோட மேல் விளிம்பு உங்க கண் மட்டத்துல இல்ல கொஞ்சம் கீழ இருக்கணும், ஏத்த முடியாத ஸ்டாண்டா இருந்தா கடைசில தடியான புக்கு அடுக்கித் தான் உயர்த்த வேண்டியிருக்கும். நிமிர்த்தி செங்குத்தா திருப்புற வசதி இருந்தா பிடிஎஃப் ஒரு முழுப் பக்கமும் ஒரே பார்வையில வரும், ரிசர்ச் பேப்பர் நிறைய படிக்கிறவங்களுக்கு அது பெரிய உதவி.

டைப் சி மானிட்டர்னு தனியா வரும், ஒரே ஒயர்ல படமும் போகும், லேப்டாப்பும் சார்ஜ் ஆகும், மானிட்டர்லயே இருக்குற யூஎஸ்பில கீபோர்டு மவுஸ் மாட்டிக்கலாம். தினமும் கிளம்பும்போது ஒரு ஒயரை உருவினா போதும். விலை கொஞ்சம் கூட தான், ஆனா தனி ஹப் வாங்க வேண்டாம்ங்கிறதையும் கணக்குல எடுங்க. எத்தனை வாட் சார்ஜ் தருதுன்னு பாருங்க, சாதாரண 14 இன்ச்சுக்கு 65 வாட் போதும், 15 வாட் மட்டும் தர்ற மாடலும் இருக்கு, அதுல லேப்டாப் சார்ஜ் ஏறவே ஏறாது. கேமிங் லேப்டாப்புக்கு இதெல்லாம் பத்தாது, அதோட சொந்த சார்ஜர் தான்.

9. பழைய மானிட்டர், போர்ட்டபிள் மானிட்டர்

காசு இல்லைனா பழைய மானிட்டர் வாங்குறதுல தப்பே இல்ல. ஆபீஸ்ல இருந்து கழிச்சு விடுற 24 இன்ச் ஐபிஎஸ், உயரம் ஏத்துற ஸ்டாண்டோட வர்றது, புதுசா வாங்குற மட்டமான மானிட்டரை விட பல மடங்கு மேல். ஆன் பண்ணி வெள்ளை, கருப்பு, சிவப்புன்னு முழு ஸ்க்ரீனுக்கும் ஒரே கலர் போட்டுப் பாருங்க, கறை, கோடு, செத்த பிக்சல் தெரிஞ்சிடும். பதினஞ்சு நிமிஷம் ஓட விட்டு மினுக்குதான்னு பாருங்க. விஜிஏ, டிவிஐ (பழைய வகை போர்ட்) மட்டும் இருந்தா விட்டுடுங்க, ஹெச்டிஎம்ஐ இல்ல டிஸ்ப்ளேபோர்ட் இருக்கணும்.

போர்ட்டபிள் மானிட்டர் ரூம் அடிக்கடி மாறுறவங்களுக்கும், மேசையே இல்லாதவங்களுக்கும். பெரும்பாலும் 15.6 இன்ச், ஒரு கிலோவுக்குள்ள. ஆனா அது லேப்டாப் பக்கத்துலயே தாழ்வா தான் நிக்கும், கழுத்துக்கு நிம்மதி கிடைக்காது, லேப்டாப் பேட்டரியையும் இழுக்கும். அதை முழு மானிட்டருக்கு மாற்றா நினைச்சு வாங்காதீங்க.

10. வந்த அன்னைக்கே செய்ய வேண்டியது

பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க, சீல், சீரியல் நம்பர் எல்லாம் தெரியணும். ரெண்டு, மூணு செத்த பிக்சலுக்கு எல்லாம் பல கம்பெனி வாரன்டில மாத்தித் தர மாட்டாங்க, ஆனா கடையோட ரிட்டர்ன் தேதிக்குள்ள சொன்னா திருப்பி எடுத்துக்க வாய்ப்பிருக்கு, அதனால அன்னைக்கே கலர் டெஸ்ட் பண்ணுங்க.

மானிட்டர் மாட்டினதும் விண்டோஸ்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல ரெஃப்ரெஷ் ரேட் எவ்ளோன்னு பாருங்க. 30ன்னு காட்டினா ஒயரோ ஹப்போ போர்ட்டோ தான் காரணம், மானிட்டரைக் குத்தம் சொல்லாதீங்க. லேப்டாப்பை மூடி வச்சு மானிட்டர்ல மட்டும் வேலை பார்க்கணும்னா பவர் செட்டிங்ஸ்ல மூடினா ஒன்னும் செய்யாதேன்னு மாத்தணும், மேக்ல சார்ஜர் மாட்டியிருந்தா தான் அது வேலை செய்யும், ரெண்டுலயும் வெளி கீபோர்டும் மவுஸும் வேணும்.

சீரியல் நம்பரை கம்பெனி வெப்சைட்ல போட்டு வாரன்டி முடியுற தேதியைப் பாருங்க. கடையில ரொம்ப நாள் இருந்த பீஸா இருந்தா நீங்க வாங்கின தேதிக்கு முன்னாடியே வாரன்டி ஓட ஆரம்பிச்சிருக்கும், பில்லை அப்லோட் பண்ணி கேட்டா திருத்திக் குடுப்பாங்க, ஆனா அதை இப்பவே செய்யணும், ரெண்டு வருஷம் கழிச்சு ரிப்பேர் ஆன அன்னைக்குக் கேட்டா அலைய விடுவாங்க. டப்பாவை ரிட்டர்ன் தேதி முடியுற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க, மானிட்டர் டப்பாவையும் உள்ள இருக்குற தெர்மாகோலையும் கட்டில் அடியில இடம் இருந்தா படிப்பு முடியுற வரைக்கும் வைங்க, ரூம் மாறும்போது அது இல்லாம மானிட்டரை பத்திரமா கொண்டு போக முடியாது.